அப்பாவின் கறுப்புத் திரையும் புதுக் கணினியும்: ஒரு கடைக்காரச் சகோதரிக்குப் பதில்

திருகோணமலையிலிருந்து ஒரு சகோதரி ஐந்து பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். கணினித் திரையைக் கைபேசியில் பிடித்த நான்கு படங்களும் கூடவே வந்தன. ஆள் அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு நாற்பத்திரண்டு வயது. உள் துறைமுகப் பக்கம் அப்பா நடத்திய கடை. கயிறு, தங்கூசி, வலை, மிதவை, பெயின்ற், ஆணி, படகு எஞ்சின் உதிரிப்பாகம் என்று எல்லாம் கலந்த வியாபாரம். 1997இல் ஊரில் கணினி வகுப்பு நடத்திய ஒரு மாஸ்டர் கடைக்கென்றே ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தார். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மெளஸ் கிடையாது. பில், இருப்பு, கடன் கணக்கு எல்லாம் இன்றுவரை அதில்தான். அப்பா போன வருடம் காலமானார். கடை இப்போது இவர் கையில். அறுபத்தாறு வயதுக் கணக்கப்பிள்ளை ஒருவர் இருக்கிறார், விரல் கீயைத் தேடாமலே பில் போடுகிறவர்.

புரோகிராம் ஓடுவது 2007இல் வாங்கிய வின்டோஸ் எக்ஸ்பி கணினியில். தினமும் காலையில் அதன் திகதி 2002க்குப் போய்விடுகிறது, கையால் திருத்துகிறார்கள். போன மாதம் இரண்டு தடவை எழும்பவே இல்லை, மூன்றாம் தடவை எழும்பியது. மகன் பயந்துபோய் வின்டோஸ் 11 போட்ட புதுக் கணினி ஒன்று வாங்கி, ஃபோல்டரை அப்படியே கொப்பி பண்ணிச் சொடுக்கினால், இந்தக் கணினியில் இது ஓடாது என்று ஒரு வரி வருகிறது. எழுதிக் கொடுத்த மாஸ்டர் 2006இல் கனடா போய் அங்கேயே காலமாகிவிட்டார். கொழும்பு நிறுவனம் ஒன்று, எல்லாவற்றையும் இணையத்துக்கு மாற்றித் தருகிறோம், ஆரம்பச் செலவு நான்கரை இலட்சம், அப்புறம் மாதக் கட்டணம் என்கிறது. ஊர்ப் பெடியன் ஒருவன், இரண்டு நாளில் எக்செலில் போட்டுத் தருகிறேன் என்கிறான். தங்கையின் கணவர், செத்தவருடைய சொஃப்ட்வெயாரைப் பாவிப்பது குற்றம் என்கிறார்.

கடைசிப் பக்கத்தில் இன்னும் மூன்று விஷயம் எழுதியிருக்கிறார். வற் எனப்படும் பெறுமதி சேர் வரியின் வீதத்தைப் புரோகிராமில் மாற்றத் தெரியாமல், கல்குலேட்டரில் கணக்குப் பார்த்துத் தனிச் சாமான் போல பில்லில் ஏற்றுகிறார்களாம். மெனுவில் 7ஆம் இலக்கத்தை மட்டும் ஒருநாளும் அழுத்தக் கூடாது என்று அப்பா சொல்லுவாராம், ஏன் என்று யாருக்கும் தெரியாதாம். சுனாமிக்குப் பிறகு, வீடும் படகும் போன குடும்பங்களின் கடனையெல்லாம் அப்பா ஒரு இரவு இருந்து கணினியில் அழித்தாராம். "பழைய மொழி, என்றோ ஒரு நாள் எல்லாம் தானாக அழிந்துவிடும் என்று எல்லோரும் சொல்லுகிறார்கள். எனக்கு இரவில் நித்திரை இல்லை" என்று முடித்திருக்கிறார்.

சகோதரி, மிச்சத்தை அப்புறம் வாசியுங்கள், முதலில் ஒரு வேலை. நாளைக் காலை அந்தக் கணினி எழும்பினால், முதல் பில் போடுவதற்கு முன், புரோகிராம் இருக்கும் ஃபோல்டர் முழுவதையும் ஒரு பென் டிரைவில் கொப்பி பண்ணுங்கள். ஒரு கடையின் இருபத்தெட்டு வருடக் கணக்கு என்றாலும் வெறும் எழுத்தும் எண்ணும்தான், மகனின் கைபேசியில் இருக்கும் ஒரு வீடியோ அளவுகூட வராது. எழும்பாவிட்டால் திரும்பத் திரும்ப ஓன் பண்ணி ஓஃப் பண்ணிப் பார்க்க வேண்டாம். உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பி அடப்டர் ஒன்றில் மாட்டி வேறு கணினியில் வாசிக்கலாம், கணினி திருத்தும் எவரும் செய்வார். வாங்கும்போது ஐடிஇ, சாட்டா என்ற இரண்டு வகை டிஸ்க்குக்கும் பொருந்துகிற அடப்டராகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

திகதி பின்னால் போவதற்குக் காரணம் மதர்போர்டில் இருக்கும் காசு வடிவப் பற்றரி, சிஆர்2032 என்று கேட்டால் மணிக்கூடு திருத்தும் கடையிலும் கிடைக்கும். சின்ன விஷயம்தான், ஆனால் ஒரு நாள் மறந்துபோய் 2002 திகதியில் கடன் பில் விழுந்தால், அது இருபது வருடத்துக்கு மேற்பட்ட கடனாகப் பட்டியலில் நிற்கும், பிறகு தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். மொழி பழசானதால் எதுவும் தானாக அழியாது. கோபோல் 1959இல் பிறந்த மொழி, உலகத்தில் எத்தனையோ வங்கிகள் இன்றும் அதில் எழுதிய புரோகிராமில்தான் கணக்கு முடிக்கின்றன. புரோகிராமில் துரு பிடிக்காது. துரு பிடிப்பது உங்கள் கடையில் கடற்காற்றில் இருக்கும் பெட்டியில். பதினெட்டு வருடமாக உப்புக் காற்றைக் குடித்த மதர்போர்டும், கரண்ட் போய் வரும்போதெல்லாம் அடி வாங்கிய பவர் சப்ளையும்தான் உங்களைக் கைவிடப் பார்க்கின்றன. இருபத்தெட்டு வருடக் கணக்கு ஒரே ஒரு டிஸ்க்கில் மட்டும் இருப்பதுதான் நித்திரையைக் கெடுக்க வேண்டிய காரணம். அதை நாளைக்கே பாதி தீர்த்துவிடலாம்.

நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தில் கோப்புகளின் பெயர் தெரிகிறது. டிபிஎஃப் என்று முடிபவை நிறைய, கூடவே என்டிஎக்ஸ் என்று முடிபவை. டிபேஸ், ஃபொக்ஸ்புரோ, கிளிப்பர் என்று அந்தக் காலத்தில் கணக்குப் புரோகிராம் எழுதப் பாவித்த மொழிகள் எல்லாமே டிபிஎஃப் கோப்பில்தான் எழுதும், ஆனால் என்டிஎக்ஸ் என்ற அட்டவணைக் கோப்பு கிளிப்பரின் அடையாளம். கிளிப்பரை நான்டக்கெட் என்ற அமெரிக்க நிறுவனம் 1985இல் வெளியிட்டது, 1992இல் கம்பியூட்டர் அசோசியேட்ஸ் அதை வாங்கிக்கொண்டது. தொண்ணூறுகளில் நானும் அதில்தான் சோறு தின்றேன், ஆகையால் இந்தப் பதிலில் கொஞ்சம் பாசம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். டிபிஎஃப்தான் உங்கள் சொத்து. என்டிஎக்ஸ் பழுதானால் திரும்ப உருவாக்கலாம், டிபிஎஃப் போனால் போனதுதான். அதன் அமைப்பு எல்லோருக்கும் தெரிந்த, எளிமையான அமைப்பு. லிப்ரெஒஃபிஸ் என்ற இலவசப் பொதியில்கூட இன்று அதைத் திறந்து வாசிக்கலாம். கொப்பியைத் திறந்து பாருங்கள், மூலத்தை அல்ல.

புதுக் கணினியில் ஏன் ஓடவில்லை

மகன் கொம்பெட்டிபிலிட்டி என்ற பகுதிக்குள் போய் எக்ஸ்பி, வின்டோஸ் 95 என்று எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதில் பிரயோசனம் இல்லை. புரோகிராம் வின்டோஸின் பதிப்பு என்ன என்று கேட்டால் பொய் சொல்வதும், அதுபோன்ற சில சில்லறை வேலைகளும்தான் அதற்குத் தெரியும். உங்கள் பிரச்சினை அடித்தளத்தில் இருக்கிறது. இது வின்டோஸுக்கு முந்திய, கறுப்புத் திரை இயங்குதளமான டொஸ் காலத்து 16 பிட் புரோகிராம். எக்ஸ்பி போன்ற 32 பிட் வின்டோஸ்களுக்குள் டொஸ் போல நடிக்கிற ஒரு பகுதி இருந்தது, அது செயலியில் இருந்த ஒரு தனி வசதியை நம்பி ஓடியது. செயலி 64 பிட் முறையில் இயங்கும்போது அந்த வசதி கிடையாது, ஆகவே 64 பிட் வின்டோஸில் மைக்ரோசொஃப்ட் அந்தப் பகுதியைப் போடவே இல்லை. வின்டோஸ் 11 என்பது 64 பிட்டில் மட்டும்தான் வருகிறது. வின்டோஸ் 10க்கு 32 பிட் பதிப்பு இருந்தது, அதில் ஓட வைத்திருக்கலாம், ஆனால் அதற்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. யாராவது பழைய 32 பிட் வின்டோஸ் போட்டுத் தருகிறேன் என்று வந்தால் அனுப்பிவிடுங்கள், திரும்ப இதே இடத்துக்குத்தான் வந்து நிற்பீர்கள்.

ஆக மகன் பிழையான கணினி வாங்கவில்லை. அவனைத் திட்டியதாக எழுதியிருந்தீர்கள், அதைக் கொஞ்சம் சரிப்படுத்திவிடுங்கள்.

ஓட வைக்கிற வழி

புதுக் கணினிக்குள்ளேயே ஒரு பழைய கணினியை மென்பொருளால் கட்டி, அதற்குள் உங்கள் புரோகிராமை ஓட வைப்பதுதான் வழி. இதற்கு இலவசமாகவே கருவிகள் இருக்கின்றன. டொஸ்பொக்ஸ் என்ற பெயரை மகன் கேள்விப்பட்டிருப்பான். அது பழைய விளையாட்டுகளை ஓட்டுவதற்காக எழுதப்பட்டது, அச்சடிக்கும் வேலையெல்லாம் அதன் கவலை இல்லை. உங்களுக்குப் பொருந்துவது விடொஸ், அல்லது டொஸ்பொக்ஸ் எக்ஸ். விடொஸ் உங்களைப் போன்றவர்களுக்காகவே, எழுத்துத் திரையில் ஓடும் வியாபாரப் புரோகிராம்களுக்காகச் செய்தது. பழைய புரோகிராம் எல்பிடி1 என்ற பழைய பிரின்டர் துளைக்கு அனுப்பும் பில்லை, வின்டோஸில் இருக்கும் பிரின்டருக்குத் திருப்பிவிடும். மூன்றாவது வழி, கணினிக்குள் முழுக் கணினி ஒன்றையே நடிக்க வைக்கிற வேர்ச்சுவல்பொக்ஸ் போட்டு, அதற்குள் ஃப்ரீடொஸ் ஏற்றுவது. ஃப்ரீடொஸ் 1994இல் தொடங்கி இன்றும் வெளிவருகிற இலவச டொஸ், கடைசிப் பதிப்பான 1.4 2025 ஏப்ரலில் வந்தது. வேர்ச்சுவல்பொக்ஸுக்குள் எக்ஸ்பியையும் ஏற்றலாம், ஆனால் லைசென்ஸ் கேள்வி வரும், தேவையில்லாத வில்லங்கம்.

நான் விடொஸிலிருந்து தொடங்கச் சொல்லுவேன். உங்களிடம் பில் போடுவது ஒரே ஒரு கணினி. இரண்டு மூன்று கணினி ஒரே கோப்பில் ஒரே நேரம் எழுதுகிற கடையாக இருந்திருந்தால் இவ்வளவு இலேசாகச் சொல்லியிருக்க மாட்டேன், பதிவுகளைப் பூட்டுவதில் இந்தக் கருவிகள் எல்லாம் ஒரே மாதிரி நடக்காது.

இதைச் செய்கிற பெடியனிடம் இரண்டு விஷயம் சொல்லி வையுங்கள். ஒன்று, ஃபோல்டர் பழைய கணினியில் எந்தப் பெயரில் எந்த டிரைவில் இருந்ததோ அதே பாதையில் இருக்க வேண்டும், அந்தக் காலத்தில் நாங்கள் பாதையைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதித் தொலைத்தோம். இரண்டு, பழைய கணினியில் புரோகிராமைத் தொடக்குகிற பட் கோப்பையும், வின்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் கொன்ஃபிக் என்டி, ஓட்டோஎக்ஸெக் என்டி என்ற இரண்டு கோப்புகளையும் கொப்பி எடுக்க வேண்டும். ஒரே நேரத்தில் எத்தனை கோப்புத் திறக்கலாம் என்ற எண்ணை மாஸ்டர் அங்கேதான் போட்டு வைத்திருப்பார். அது இல்லாவிட்டால் புரோகிராம் திறக்கும், இரண்டு மெனு போனதும் கோப்புத் திறக்க முடியவில்லை என்று செத்துவிடும், எல்லோரும் விடொஸ் சரியில்லை என்பார்கள்.

பிரின்டர் விஷயம் தனி. உங்கள் எல்எக்ஸ்-300 பரலல் துளையில் மாட்டுவது, புதுக் கணினியில் அந்தத் துளையே இருக்காது. துளையுள்ள கார்ட் ஒன்று மேசைக் கணினியாக இருந்தால் உள்ளே பொருத்தலாம், அல்லது யூஎஸ்பி உள்ள எல்எக்ஸ்-310 வாங்கலாம். கார்பன் கொப்பியோடு பில் அடிக்க வேண்டும் என்பதால் லேசர் பிரின்டருக்குப் போக வேண்டாம். ஊசி குத்துகிற பிரின்டர்தான் இரண்டாவது தாளில் எழுத்தை விழுத்தும்.

சரி, ஓடத் தொடங்கியது என்று வையுங்கள். உடனே பழையதைத் தூக்கி மூலையில் போடக் கூடாது. வாடைக்காற்று அடித்து, கடல் கொந்தளித்து, கடைக்கு ஆள் குறைகிற நாள்களாகப் பார்த்து ஒரு மாதம் இரண்டிலும் பில் போடுங்கள். கணக்கப்பிள்ளைக்கு இரட்டை வேலை, அந்த மாதம் அவருக்குக் கொஞ்சம் கூடக் கொடுங்கள். பின்னேரம் கடை பூட்டும்போது இரண்டிலும் அன்றைய மொத்தம், மிச்ச இருப்பு, பத்துப் பேருடைய கடன் மீதி ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். மாத முடிவு அறிக்கையும் ஒரு தடவை இரண்டிலும் எடுத்துப் பார்த்த பிறகுதான் பழைய பெட்டிக்கு ஓய்வு.

அதுவரைக்கும் அந்தப் பெட்டியை ரவுட்டரிலிருந்து கழற்றி வையுங்கள். மின்னஞ்சல் பார்க்கவும் அதையே பாவிப்பதாக எழுதியிருந்ததைப் பார்த்துத் தலையில் கை வைத்தேன். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. உங்கள் கிளிப்பர் புரோகிராமுக்கு இணையம் என்றால் என்னவென்றே தெரியாது, வயரைப் பிடுங்கினால் அதற்கு ஒரு குறையும் இல்லை.

ஏழாம் இலக்கம்

இதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுத நினைத்தேன். புரோகிராமைத் திறந்து பார்க்காமல் சொல்லுகிறேன், பிழையாகவும் இருக்கலாம். ஆனால் அந்தக் காலத்து மெனுக்களில் கடைசிப் பக்கமாக வரும் இலக்கம் அநேகமாகக் கோப்புத் துப்புரவாகத்தான் இருக்கும்.

டிபிஎஃப் கோப்பில் ஒரு பதிவை அழித்தால் அது உண்மையில் அழிவதில்லை. பதிவின் முன்னால் ஒரு எழுத்துக்கு இடம் இருக்கிறது, அங்கே ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். புரோகிராம் அந்தக் குறி உள்ள பதிவுகளைக் காட்டாமல் தாண்டிப் போகும். பெயர், தொகை, திகதி எல்லாம் கோப்புக்குள் அப்படியே கிடக்கும். பெக் என்ற கட்டளையைக் கொடுத்தால்தான் அவை நிரந்தரமாகப் போகும். 7ஐ அழுத்தினால் பெக் நடக்கும் என்பது என் ஊகம். பெக் நடந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கோப்பே உடைந்துபோகலாம், அந்தப் பயத்தில் மாஸ்டர் அப்பாவுக்குச் சொல்லி வைத்திருப்பார்.

இப்போது அப்பா சுனாமிக்குப் பிறகு அழித்த கடன்களை யோசித்துப் பாருங்கள். 7ஐ யாரும் அழுத்தவில்லை என்றால், அந்தக் குடும்பங்களின் கடன் இன்றைக்கும் நட்சத்திரக் குறியோடு கோப்புக்குள் இருக்கிறது. தரவை வேறொரு இடத்துக்கு மாற்றித் தருகிறேன் என்று வருகிறவர் அந்தக் குறியைப் பார்க்காத கருவியொன்றை ஓட விட்டால், 2004 டிசம்பருக்கு முந்திய கடன் முழுவதும் உயிரோடு எழும்பிவிடும். புதுப் புரோகிராம் பட்டியல் போடும், கணக்கப்பிள்ளை இல்லாத ஒரு நாள் புதிதாக வேலைக்கு வந்த பிள்ளை யாருக்காவது ஃபோன் எடுத்து, உங்கள் அப்பா பெயரில் இவ்வளவு நிலுவை இருக்கிறது என்று கேட்கும். அந்த அப்பாவைக் கடல் கொண்டுபோயிருக்கும். இதற்கு நான்கரை இலட்சம் கொடுத்தீர்களா என்று ஊர் கேட்கும்.

ஆகவே எவர் தரவை மாற்றினாலும், அழித்ததாகக் குறியிட்ட பதிவுகளை என்ன செய்கிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். முழித்தால் வேறு ஆளைப் பாருங்கள். 7ஐ இப்போதைக்கு நீங்களும் அழுத்த வேண்டாம். கொப்பி ஒன்றில் வைத்து அழுத்திப் பார்க்கலாம், அதையும் விஷயம் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

எக்செல் பெடியனும் கொழும்பு நிறுவனமும்

இரண்டு நாளில் எக்செல் என்பது நடக்கும். ஆனால் கணக்குப் புத்தகம் வேறு, தாளில் பரப்பி வைத்த எண்கள் வேறு. 00417 என்ற சாமான் இலக்கம் எக்செலுக்குள் கவனமில்லாமல் போனால் 417 ஆகிவிடும். ஆளுக்கு எழுதிய நீண்ட குறிப்புகள் டிபிடி என்ற வேறு கோப்பில் இருக்கும், அது வராது. யாராவது ஒரு நெடுவரிசையை மட்டும் அகர வரிசைப்படுத்திவிட்டால் கிண்ணியாக்காரரின் கடன் நிலாவெளிக்காரரின் பெயருக்குப் போய்விடும், போனது தெரியவும் தெரியாது. பழைய கணக்கை வாசித்துப் பார்க்க எக்செலில் ஒரு கொப்பி இருப்பது நல்லதுதான். தினசரி பில்லுக்கு வேண்டாம்.

கொழும்பு நிறுவனத்தைப் பற்றி எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, இணையத்தில் கணக்கு வைப்பது ஒருநாள் நீங்கள் போக வேண்டிய இடம்தான். ஆனால் பயத்தில் கையெழுத்து வைக்காதீர்கள், இந்த வருடம் வேண்டாம் என்பது என் எண்ணம். பழையது புதுக் கணினியில் ஓடத் தொடங்கிவிட்டால் அவசரம் போய்விடும், அப்போது உட்கார்ந்து பேரம் பேசலாம். பேசும்போது இவற்றைக் கேளுங்கள்: இணைப்பு விழுந்த நேரம் பில் போட முடியுமா, மாதக் கட்டணத்தை நிறுத்தினால் எங்கள் தரவு முழுவதும் எங்கள் கைக்கு எந்த வடிவத்தில் வரும், கடனை மாதக் கணக்கில் பார்க்காமல் பருவக் கணக்கில் பார்க்குமா. கடைசிக் கேள்விதான் முக்கியம். உங்கள் வாடிக்கையாளர் மாதச் சம்பளக்காரர் இல்லை. கடல் திறந்தால் கொடுப்பார், மூடினால் வாங்குவார். தென்மேற்குப் பருவத்தில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்து வந்து வாடி போடுகிறவர்களுக்கு வேறு கணக்கு. முப்பது நாள் தாண்டினால் சிவப்பு நிறம் காட்டுகிற புரோகிராம் உங்கள் பாதிப்பேரைச் சிவப்பாக்கிவிடும்.

சட்டம் என்ன சொல்லும்

நான் வழக்கறிஞர் இல்லை, தெரிந்ததைச் சொல்லுகிறேன். தங்கையின் கணவர் சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் கணினிப் புரோகிராமுக்கும் பதிப்புரிமை உண்டு, எழுதியவர் இறந்த பிறகும் 70 வருடம் அது அவருடைய வாரிசுகளுக்கு இருக்கும். காசு கொடுத்து எழுதுவித்தோம் என்பதற்காக, எழுத்தில் ஒன்றும் இல்லாமல் உரிமை உங்களுக்கு வந்துவிட்டது என்று நினைக்கவும் வேண்டாம். ஆனால் நேர்மையாகப் பெற்ற புரோகிராமைப் பெற்ற நோக்கத்துக்கே தொடர்ந்து பாவிப்பதும், அதற்காகவும் பாதுகாப்புக்காகவும் கொப்பி வைத்திருப்பதும் குற்றம் இல்லை. கணினியை மாற்றி ஓட்டுவது அதற்குள்தான் அடங்கும். வேறு கடைக்கு விற்பதோ கொடுப்பதோ கூடாது. பின்னால் புரோகிராமைத் திருத்தி எழுதுவிப்பதாக இருந்தால், மாஸ்டரின் மனைவி பிள்ளைகளைக் கண்டுபிடித்து ஒரு சம்மதக் கடிதம் வாங்கிவிடுங்கள். அப்பா பெயரைச் சொல்லிக் கேட்டால் மறுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

வற் வீதமும் ஃப்ளொப்பிப் பெட்டியும்

2019 டிசம்பரில் 8, 2022 ஜூனில் 12, அதே வருடம் செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 என்று வீதம் ஓடிய ஓட்டத்தில் கல்குலேட்டரை எடுத்ததில் வியப்பில்லை. ஆனால் வற்றைத் தனிச் சாமானாக ஏற்றும் பில் வரிப் பற்றுச்சீட்டாகச் செல்லுமா, எந்தச் சாமானுக்கு வரி உண்டு எதற்கு இல்லை என்பதை உங்கள் வரிக் கணக்காளரிடம் இந்த மாதமே கேளுங்கள், நான் சொல்வதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். என் பக்கத்தில் ஒரு நல்ல செய்தி இருக்கலாம். உங்கள் படத்தில் எம்ஈஎம் என்று முடிகிற ஒரு சின்னக் கோப்புத் தெரிகிறது. நாங்கள் மாறக்கூடிய எண்களை அதற்குள் போட்டு வைப்பது வழக்கம். வீதம் அதில் இருந்தால், புரோகிராமைத் தொடாமலே மாற்றிவிடலாம். புரோகிராமுக்குள்ளேயே எழுதியிருந்தால் மூலக் குறிமுறை, அதாவது மாஸ்டர் முதலில் எழுதிய வரிகள், வேண்டும்.

அது அப்பாவின் அலுமாரியில் இருக்கிற ஃப்ளொப்பிப் பெட்டியில் இருக்கக் கூடும். யூஎஸ்பி ஃப்ளொப்பி டிரைவ் இன்றும் வாங்கலாம். முதலில் பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று மெல்லத் தகட்டைத் திறந்து பாருங்கள், பிடித்திருந்தால் போட வேண்டாம், அது டிரைவின் தலையையும் நாசமாக்கி அடுத்த ஃப்ளொப்பியையும் கீறும். மூலக் குறிமுறை கிடைத்தால் ஹார்பர் என்ற இலவசக் கொம்பைலரில் அதைப் போட்டு, இன்றைய 64 பிட் வின்டோஸில் நேரடியாக ஓடும் புரோகிராமாக ஆக்கலாம். கிளிப்பர்க்காரர்கள் 1999இல் தொடங்கிச் செய்த வேலை அது, டிபிஎஃப், என்டிஎக்ஸ் கோப்புகளை அப்படியே வாசிக்கும். கிடைக்காவிட்டாலும் முழுக்க இருட்டு இல்லை. கிளிப்பர் புரோகிராமை நேரே இயந்திர மொழியாக்காமல் இடைநிலைக் குறியாகத்தான் வைக்கும், அதிலிருந்து ஓரளவு மீட்டெடுக்கிற கருவிகள் இருந்தன. விஷயம் தெரிந்தவர் வேண்டும், செலவும் வரும், ஆகவே கடைசி வழி.

கொப்பி எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை, இது என் சொந்தப் பிழையிலிருந்து. 2001இல் ஒரு வாடிக்கையாளருக்குத் தினமும் ஒரே ஃப்ளொப்பியில் மேலால் மேலாகக் கொப்பி பண்ணச் சொல்லிக் கொடுத்தேன். திங்கட்கிழமை கோப்பு உடைந்தது, யாருக்கும் தெரியவில்லை, பின்னேரம் உடைந்த கோப்பை நல்ல கொப்பிக்கு மேல் எழுதிவிட்டார்கள். மூன்று மாதக் கணக்கைப் பில் கட்டிலிருந்து திரும்ப அடித்தோம். ஆகவே நாளுக்கொரு ஃபோல்டர், திகதி போட்ட பெயர். ஒரு கொப்பி கடையில், ஒன்று வீட்டில். உங்களுக்கு இரண்டுமே கடற்கரையோரம் என்பதால் மூன்றாவது ஒன்று வேறு ஊரில் அல்லது இணையச் சேமிப்பில், பாஸ்வேர்டோடு. மாதம் ஒரு தடவை அதில் ஒன்றை எடுத்து உண்மையில் திறக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. கணக்கப்பிள்ளைக்கு அறுபத்தாறு வயது. எந்தச் சம்மாட்டிக்கு எவ்வளவு வரைக்கும் கடன், எந்தக் கீ எந்த நேரத்தில், எஃப்9ஐ அழுத்தும் முன் ஏன் எஸ்கேப் இரண்டு தடவை என்பதெல்லாம் அவருடைய விரலில் இருக்கிறது, எங்கும் எழுதியில்லை. மகன் ஒரு கிழமை அவருக்குப் பக்கத்தில் கதிரை போட்டிருந்து, அவர் செய்வதைக் கைபேசியில் வீடியோ எடுத்து, ஒரு கொப்பியில் எழுத வேண்டும். ஐயா, உங்களை மாற்றப் போகிறோம் என்ற எண்ணம் அவருக்கு வராதபடி கேளுங்கள். விடொஸில் அதே திரை, அதே கீ என்பதை அவருக்கு முதலிலேயே காட்டிவிட்டால் அவரே உங்கள் பக்கம் நிற்பார்.

ஃப்ளொப்பிப் பெட்டியை வெயிலில் வைத்துவிடாதீர்கள். பிஆர்ஜி என்று முடிகிற கோப்பு, அதுதான் மூலக் குறிமுறை, ஏதாவது ஒன்றில் தென்பட்டால், திறக்காமல் முதலில் முழு ஃப்ளொப்பியையும் கணினிக்குக் கொப்பி பண்ணிவிட்டு, பெயர்ப் பட்டியலைப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள்.